ஓபல் லெட்ஃபோர்டின் பாதி வீடு

வீடு வாங்குகிற நாளில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வருவது எங்கும் உள்ளதுதான். ரோண்டாவுக்கும் டெல்பர்ட்டுக்கும் அது வக்கீல் அலுவலகத்திலேயே, கையெழுத்துப் போடும் மேஜையிலேயே வந்தது.

சண்டை ஒரே ஒரு இன்சூரன்ஸைப் பற்றி. தீப்பிடித்தால், கூரை பறந்தால், குழாய் வெடித்தால் என்று வழக்கமாக எடுக்கிற இன்சூரன்ஸ் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. இது வேறு. வீட்டை விற்றவருக்கு அதை விற்க முழு உரிமை இருந்ததா, நாளைக்குப் பங்காளி என்றோ பழைய பெண்டாட்டி என்றோ எவராவது வந்து நின்றால் யார் பார்த்துக்கொள்வது என்பதற்கானது. டைட்டில் இன்சூரன்ஸ் என்று பெயர். ஒரு தடவை கட்டினால் போதும், வீடு கையில் இருக்கிறவரை செல்லும்.

பாங்க் ஏற்கெனவே நம் காசிலேயே ஒன்று எடுக்க வைத்துவிட்டதே, அப்புறம் இரண்டாவது எதற்கு என்று கேட்டான் டெல்பர்ட். அது பாங்க்குக்கு மட்டும்தான், வில்லங்கம் வந்து வீடு கைவிட்டுப் போனால் பாங்க் தன் கடன் பாக்கியை வாங்கிக்கொள்ளும், உங்கள் கைக்கு ஒன்றும் வராது என்று வக்கீல் பொறுமையாக விளக்கினார். டெல்பர்ட் கோழி ஆலையில் எந்திரம் பழுது பார்க்கிறவன். கண்ணால் பார்க்காத பழுதை நம்ப மாட்டான்.

"நாளைக்கு வர்ற மழைக்குக் குடை வாங்கலாம். நேத்து பெஞ்ச மழைக்கு எவனாவது குடை வாங்குவானா ரோண்டா?"

அவனுக்கும் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் காசில் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்று கடைக்குப் போய்த் தடவிப் பார்த்துவிட்டே வந்திருந்தான்.

ரோண்டாவுக்கோ வேறு அனுபவம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பிறந்ததிலிருந்து சக்கரம் வைத்த வாடகை டிரெய்லர் வீடுகளிலேயே காலம் தள்ளியவள். அதில் ஒன்றில் இருந்தபோது, ஒருநாள் காலையில் வீட்டுக்காரரின் அண்ணன் லாரியோடு வந்து நின்றான். டிரெய்லர் தன்னுடையது என்றான், சாமான்களை இறக்கச் சொன்னான், வீட்டையே கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டான். வாசலில் போட்டிருந்த மரப்படிகள் மட்டும் எங்கேயும் ஏறாமல் அங்கேயே நின்றன. ரோண்டா அந்தப் படியில் உட்கார்ந்து காப்பி குடித்து முடித்துவிட்டுத்தான் அழுதாள். அன்றிலிருந்து யார் எதை "என்னுடையது" என்று சொன்னாலும் அவளுக்கு முழுசாக நம்பிக்கை வருவதில்லை. அதனால் பேனாவை எடுத்து, புல்வெட்டி வண்டியைப் பற்றி யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டை விற்றவர் கார்லண்ட் லெட்ஃபோர்ட். அவருடைய அம்மாவின் வீடு அது. அம்மா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தவர். அந்த மலைப்பக்கத்தில் யார் உயில் எழுதுகிறார்கள்? கடைசிவரை கஞ்சி ஊற்றியவனுக்கு வீடு என்று எல்லோருக்கும் தெரியும், அதை எழுதி வைப்பது ஏதோ சொந்தக்காரர்களைச் சந்தேகப்படுகிற மாதிரி. ஆகவே பத்திரம் இன்னும் செத்துப்போன அம்மாவின் பெயரிலேயே இருந்தது. விற்கிற நேரத்தில் வாரிசு யார் என்று கேள்வி வந்தது. பிள்ளைகள் இரண்டு பேர், அக்கா ஓபல் இறந்துவிட்டார், மிச்சம் கார்லண்ட் மட்டும் என்று அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள் இருவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார்கள். கார்லண்ட் காசை வாங்கிக்கொண்டு புளோரிடாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

வெள்ளைப் பலகை வீடு. முன்னால் அகலமான வராந்தா, பின்னால் ஒரு மேடு, மேட்டின் மேல் கருவாலி மரங்களுக்குக் கீழே லெட்ஃபோர்ட் குடும்பத்துக் கல்லறைகள். ரோண்டாவுக்கு அந்த மேடும் பிடித்துப்போனது. வாடகை கேட்காத, சத்தம் போடாத அண்டை வீட்டார் வாழ்க்கையில் முதல்முறையாக வாய்த்திருந்தார்கள். டெல்பர்ட் கையால் தள்ளுகிற பழைய புல்வெட்டியாலேயே அந்தச் சரிவு முழுக்கப் புல் வெட்டினான், வெட்டும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் காதில் விழுகிற மாதிரி முனகினான்.

மேட்டில் லெட்ஃபோர்ட் தம்பதியின் பெரிய கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கற்கள் இருந்தன. ஒன்றில் கார்லண்டின் பெயரும் பிறந்த வருஷமும், அதற்குப் பிறகு வெறும் கல். அங்கே கல்லை முன்கூட்டியே வாங்கி, பெயரைச் செதுக்கி நட்டுவைப்பது வழக்கம்தான். செதுக்குகிறவன் தள்ளுபடி கொடுக்கிற வருஷத்தில் குடும்பத்தோடு வாங்கிப் போட்டுவிடுவார்கள். கார்லண்ட் சீட்டு முன்பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று டெல்பர்ட் சிரித்தான்.

இன்னொரு கல் ஓபலுடையது. அதை ஊதாப்பூக் கொடி மூடியிருந்தது. ரோண்டா கொடியை வெட்டிவிட்டுப் பார்த்தால் இதிலும் இறந்த தேதி இல்லை. சாவுத் தேதியைச் செதுக்கக்கூட நாலு காசு செலவழிக்காத தம்பி என்று கார்லண்டை மனதுக்குள் திட்டிக்கொண்டாள். ஓபல் மேல் அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. அடிக்கடி ஏறிப்போய்ப் பூ வைப்பாள், பஸ்ஸில் பிள்ளைகள் படுத்திய பாட்டையெல்லாம் அந்தக் கல்லிடம் சொல்லிவிட்டு வருவாள். பக்கத்துக் கல்லுக்கு உரியவர் புளோரிடாவில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும், இந்தக் கல்லைப் பற்றி அவளுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் தட்டவில்லை.

மே மாதக் கடைசியில் கல்லறைக்குப் பூப்போடும் ஞாயிறு வந்தது. சொந்தபந்தமெல்லாம் கூடி, களை பிடுங்கி, பூ வைத்து, அங்கேயே மடக்கு மேஜை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகும் நாள். லெட்ஃபோர்ட் கூட்டமும் வரும் என்று தேவாலயத்தில் சொல்லியிருந்தார்கள். ரோண்டா தலைவாசலைத் திறந்து வைத்து, ஒரு பெரிய ஜாடியில் இனிப்புத் தேநீர் கலந்து, மறுகையில் தோட்டத்துப் பூக்களோடு மேடேறினாள். மேலே பொரித்த கோழி வாசனையும் சிரிப்புமாக ஒரே கலகலப்பு. ஓபலின் கல்லில் முதுகைச் சாய்த்து, மடக்கு நாற்காலியில் ஒரு வயதான பெண்மணி கோழிக்கால் தின்றுகொண்டிருந்தார்.

"அந்தப் பூ யாருக்கும்மா?" என்று கேட்டார்.

"உங்க முதுகுக்குப் பின்னால இருக்காங்களே, அந்த ஓபலுக்குத்தாங்க. பாவம், கவனிக்க ஆளே இல்ல. நான்தான் கொடியெல்லாம் வெட்டி விட்டேன்."

"நல்ல மனசு உனக்கு. என்ன வந்து செத்தாளாம்?"

"தெரியலீங்க. தம்பி எதுவும் சொல்லல போல."

"எப்படிச் சொல்லுவான்? அவன்தானே கொன்னது." எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு அவர் கையை நீட்டினார். "கொண்டா, நானே வாங்கிக்கிறேன். என் பூதான்."

சுற்றியிருந்தவர்களின் கரண்டிகள் அப்படியே நின்றன. ரோண்டா புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓபல் டெட்ராய்ட்டில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவை அடக்கம் செய்த அன்று, அம்மாவின் வார்ப்பிரும்புச் சட்டியைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மூன்று தலைமுறை கோழி பொரித்து, கண்ணாடி மாதிரி வழவழப்பேறிய சட்டி. அது தனக்குத்தான் என்று கார்லண்ட் நினைத்திருந்தார். அதோடு அக்கா தம்பிக்குள் பேச்சு நின்றது. ஓபல் ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வீடு விற்றுப்போன செய்தியை ஒரு சித்தப்பா மகள் போனில் உளறிய பிறகுதான் கிளம்பி வந்திருந்தார்.

"அவன் பாதியை அவன் வித்துட்டான், சரி. என் பாதியை யாரு வித்தா?" என்று ரோண்டாவைப் பார்த்து அமைதியாகக் கேட்டார்.

பழைய லாரியும் கொக்கியும் ரோண்டாவின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஆயுசில் முதல்முறையாகச் சுவரில் ஆணி அடிக்க எவரையும் கேட்கத் தேவையில்லாத ஒரு வீடு, அதுவும் இப்போது பாதியாகிவிட்டது.

விஷயத்தைக் கேட்டதும் டெல்பர்ட்டின் முகம் வெளுத்துப்போனது. வருஷம் முழுக்க நேற்றைய மழைக்குக் குடை என்று கேலி செய்தவன், குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ரோண்டா, அந்தக் காயிதத்த எங்க வெச்சிருக்க?"

முக்கியமான காகிதங்களை அந்த ஊரில் எல்லோரும் வைக்கிற இடத்தில்தான் அவளும் வைத்திருந்தாள். வீடு எரிந்தாலும் கறி வைக்கிற ஃப்ரீசர் பெட்டி எரியாது என்பார்கள். மான்கறிப் பொட்டலங்களுக்கு அடியிலிருந்து அதை உருவி எடுத்து, பனியைத் துடைத்து, கம்பெனிக்குப் போன் போட்டாள். குத்திக்காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

கம்பெனி தன் செலவில் ப்ரூயிட் என்கிற வக்கீலை அனுப்பியது. பருத்த உடம்பு, சிரித்த முகம். முதல் வேலையாக மூச்சு வாங்க வாங்க மேடேறிப் போய் ஓபலின் கல்லைப் பார்த்தார். பக்கத்தில் கார்லண்டின் கல்லையும் பார்த்தார். இந்தக் கல்லுக்கு உரியவர் உயிரோடு உட்கார்ந்து கையெழுத்துப் போடும்போது, அதே மாதிரி இருக்கிற பக்கத்துக் கல்லைப் பற்றிச் சத்தியம் செய்த அந்த இருவருக்கும் ஒரு கேள்விகூட எழவில்லையா என்று தலையில் அடித்துக்கொண்டார். ரோண்டா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வராந்தாவுக்கு வந்து, அங்கே உட்கார்ந்திருந்த ஓபல் உட்பட எல்லோரும் கேட்கிற மாதிரி கார்லண்டுக்குப் போன் போட்டார். அக்கா செத்துவிட்டதாக ஏன் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"நான் எங்க சொன்னேன்?" என்றது புளோரிடாக் குரல். "அக்கா எங்கன்னு சத்தியம் பண்ண வந்த அந்த ரெண்டு பேரும் கேட்டாங்க. மேட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் கல்லு முன்னால நின்னேன். தொப்பியைக் கழட்டினேன். அவங்களும் கழட்டிட்டாங்க. எனக்கு வேர்த்துச்சு, கழட்டினேன். தப்பா?"

ஓபல் சிரிக்கக்கூடாது என்றுதான் பார்த்தார். முடியவில்லை. அடக்கிக்கொண்டிருந்த சிரிப்பு வெடித்து, கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தார். "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். பொய்யே சொல்ல மாட்டான், திருட்டுப் பய," என்றார்.

ப்ரூயிட் விஷயத்தைப் புட்டுப்புட்டு வைத்தார். கார்லண்டுக்கு வீட்டில் பாதிதான் சொந்தம். இல்லாததை விற்க முடியாது. மற்ற பாதி இன்றைக்கும் ஓபலுடையதுதான். இன்சூரன்ஸ் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பாதியை ரோண்டாவும் டெல்பர்ட்டும் தங்கள் கைக்காசில் மறுபடி வாங்கியிருக்க வேண்டும், வக்கீல் செலவு தனி. இப்போது கம்பெனியே ஓபலுக்கு உரிய விலையைக் கொடுத்து, விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளும். கார்லண்டைப் பிறகு கம்பெனி கவனித்துக்கொள்ளும்.

டெல்பர்ட்டுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஆனால் ஓபல் தலையை ஆட்டிவிட்டார். வேண்டாம், கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். ப்ரூயிட் தொகையை ஏற்றினார். வேண்டாம். இன்னும் ஏற்றினார். பணத்தைப் பற்றிப் பேசாதே தம்பி என்றார்.

அவர் பிடிவாதமாக நின்றால் என்ன ஆகும் என்று ரோண்டா ப்ரூயிட்டைத் தனியாகக் கேட்டாள். அவர் தயங்கித்தான் சொன்னார். பாகப்பிரிவினை வழக்கு வரும். ஒரு வீட்டை நடுவில் அறுக்க முடியாது, ஆகவே நீதிமன்றம் ஏலம் போடும். நஷ்டத்தைக் கம்பெனி கொடுத்துவிடும், அதில் கவலையே வேண்டாம்.

"காசு வரும். வீடு போயிடும்," என்றாள் ரோண்டா.

"கையை விரிச்சுக்கிட்டு நிக்க மாட்டீங்க, அவ்வளவுதாம்மா என்னால சொல்ல முடியும்."

அது சின்ன விஷயம் இல்லை என்று அவளுக்கும் தெரியும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் காசும் இல்லை, வீடும் இல்லை, பாங்க் கடன் மட்டும் மிஞ்சியிருக்கும். ஆனாலும் அவளுக்கு வேண்டியது வீடு. இந்த வீடு.

மறுநாள் மத்தியானம் ஓபல் தனியாக வந்து கதவைத் தட்டினார். கையில் அந்தச் சட்டி. தம்பியைப் பார்த்தால் தலையில் போடலாம் என்று டெட்ராய்ட்டிலிருந்தே காரில் எடுத்து வந்திருந்தாராம். அவன் தப்பித்துவிட்டான், அம்மாவின் அடுப்பில் சோள ரொட்டியாவது சுடுகிறேனே என்றார். ரோண்டா சோள மாவும் மோரும் எடுத்துக் கொடுத்தாள். பன்றிக் கொழுப்பு சட்டியில் உருகிச் சிடுசிடுத்தது.

பிறகு ரோண்டா வெட்கத்தை விட்டுக் கேட்டாள். "அக்கா, உங்களுக்குப் பணம் வேணாம். இந்த வீட்டுல வந்து இருக்கப் போறதும் இல்ல. பின்ன என்னதான் வேணும்? சொல்லுங்க. தெரியாம எனக்குத் தூக்கமே வரல."

ஓபல் மாவை ஊற்றி, சட்டியை உள்ளே தள்ளி அடுப்புக் கதவைச் சாத்தினார்.

"மேட்டுல என் கல்லு இருக்குல்ல? அம்மா தன் கையால காசு கொடுத்து வாங்கிப் போட்டது. எங்க போய் உழைச்சாலும் கடைசில அம்மா பக்கத்துல வந்து படுத்துக்கலாம்னுதான் இத்தன வருஷம் அந்த ஊர்ல ஓட்டினேன். அந்தப் பய வீட்டோட சேத்து என் குழியையும் வித்துட்டான். என் பாதியை உனக்கு எழுதிக் கொடுத்துட்டா, செத்த அன்னிக்கு உன் வாசல்ல வந்து பர்மிஷன் கேக்கணும் நான்."

"நான் வேணாம்னா சொல்லப் போறேன்?"

"நீ சொல்ல மாட்ட. கல்லுக்கே பூ வெச்சவ நீ. நாளைக்கு நீ எவனுக்காவது வித்தா? அவன் அங்க நீச்சல் குளம் வெட்டினா?"

இந்த அம்மாளும் தன்னை மாதிரிதான் என்று ரோண்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எவனும் வந்து கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகாத ஒரு இடம், அதைத்தான் இவரும் கேட்கிறார். இவர் கேட்கிற இடம் கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான்.

"மேட்ட எடுத்துக்கோங்க அக்கா," என்றாள். "நீங்களே வெச்சுக்கோங்க. வாக்குக் கொடுக்கிறேன்."

"வாக்கா?" ஓபல் கரண்டியை அவள் பக்கம் நீட்டினார். "எங்க வீட்டுல வாக்குக் கொடுத்துக் கொடுத்துத்தான் நீயும் நானும் இந்த நெலமைல நிக்கறோம். எழுதிக் கொடு கண்ணு."

ரொட்டி பொன்னிறமாக வந்தது. வெண்ணெய் தடவிச் சாப்பிட உட்கார்ந்த டெல்பர்ட், வாயில் வைத்ததும் கார்லண்டுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று புரிகிறது என்றான். இரண்டாவது துண்டை வாங்கிக்கொண்டு, சாலையிலிருந்து மேட்டுக்குப் போகப் பாதையும் சேர்த்து எழுதவேண்டும், இல்லாவிட்டால் சவப்பெட்டியோடு ஹெலிகாப்டரில்தான் வந்து இறங்க வேண்டியிருக்கும் என்றான். பழுதை முன்கூட்டியே பார்க்கிற ஆளாக அவன் மாறிவிட்டதை ரோண்டா கவனித்தாள், மூன்றாவது துண்டையும் அவன் தட்டில் வைத்தாள்.

நிலம் அளந்தார்கள். பாங்க்கும் சம்மதித்தது. எல்லோரும் பழைய அதே வக்கீல் அலுவலகத்தில் கூடினார்கள். ஓபல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, கம்பெனியின் காசோலையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வீடு முழுசாக ரோண்டாவுக்கும் டெல்பர்ட்டுக்கும் என்றானது. ரோண்டா பத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெட்கமே இல்லாமல் அழுதாள். டெல்பர்ட் அவள் தோளைத் தட்டிக்கொண்டே தன் மூக்கையும் துடைத்துக்கொண்டான். அடுத்து மேட்டையும் பாதையையும் ஓபலுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தாப் பெண், நிலம் வாங்குகிற எல்லோரிடமும் கேட்டுக் கேட்டுப் பழகிய வாயால் ஓபலிடமும் கேட்டாள். இந்த இடத்துக்கு டைட்டில் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்கிறீர்களா?

ப்ரூயிட் சிரித்துவிட்டார். "இது வீடு இல்லம்மா, கல்லறை. இதுக்குப் போய் யாரு எடுப்பா?"

"நான் எடுப்பேன். ஒருவாட்டி கட்டினாப் போதும்தானே?"

"போதும். ஆனா எதுக்கு?"

ஓபல் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "இவங்க அந்த வீட்டுல மிஞ்சிப் போனா ஒரு முப்பது வருஷம் இருப்பாங்களா? அதுக்கே எடுத்திருக்காங்க. நான் அந்த மேட்டுல எத்தன நாள் இருக்கப் போறேன்னு நீயே ஒரு கணக்குப் போட்டுப் பாரு தம்பி."